புராஸ்டேட் புற்றுநோய் என்றால் மூத்திரத்தில் தெரியாதா?

வாசகர் கேள்வி, 5 மார்ச் 2025

மாமாவுக்கு 67 வயது, பெரியபட்டினம். வல்லத்தில் மீன்பிடிக்கப் போய் வந்தவர். டிசம்பரிலிருந்து முதுகுவலி. ராமநாதபுரத்தில் எடுத்த ரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) 412 என்று வந்திருக்கிறது. 4க்குள் இருக்க வேண்டுமாம். ஆனால் மூத்திரம் தாராளமாகப் போகிறது, எரிச்சல் இல்லை, ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறார். மூத்திரத்தில் ஒரு கோளாறும் இல்லாமல் புராஸ்டேட் புற்றுநோய் வராது என்பது என் எண்ணம். லேப் தவறாக இருக்கும், பெருநாள் முடிந்ததும் திரும்ப எடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானே காக்கா?

5 மார்ச், இரவு

சரியில்லை தம்பி. பெருநாள் வரை பொறுக்க வேண்டாம். முதலில் மாமாவைப் பாருங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா? படி ஏறுகிறாரா? கால் மரப்பு, தொடையிடுக்கில் உணர்ச்சிக் குறைவு, மூத்திரமோ மலமோ போவது தெரியாமல் இருப்பது, இப்படி ஏதாவது உண்டா? ஒன்று இருந்தாலும் இன்றிரவே வண்டி பிடியுங்கள். எதுவும் இல்லை என்றால் நாளைக் காலை. மீதியை அப்புறம் எழுதுகிறேன், கடை மூடும் நேரம்.

6 மார்ச்

நான் டாக்டர் இல்லை. உச்சிப்புளிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இந்த நோய் வந்து, கூடவே அலைந்ததில் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

மூத்திரத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்குப் பதில் புராஸ்டேட் சுரப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. அது மூத்திரப்பைக்கு அடியில், மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதானால் வரும் சாதாரண வீக்கம் மூத்திரக் குழாயைச் சுற்றியுள்ள நடுப்பகுதியில் வளர்கிறது, அதனால் சீக்கிரமே அடைக்கிறது. புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில், ஆசனவாய்ப் பக்கமாகத் தொடங்குகிறது. குழாயைத் தொடாமலே வளர்ந்து எலும்புக்குப் போய்விட முடியும். ஆகவே மூத்திரம் நன்றாகப் போவது ஒரு சான்றிதழே அல்ல. நம் பக்கத்து ஆண்களுக்கு அது போதும் என்ற நினைப்பு ரொம்ப ஆழமாக இருக்கிறது.

லேப் தவறு பற்றி: கிருமித் தொற்றிலும் பி.எஸ்.ஏ ஏறும், சில நேரம் நன்றாகவே ஏறும். ஆனால் அப்போது பெரும்பாலும் காய்ச்சல், குளிர், எரிச்சல் இருக்கும். முதுகுவலியோடு 412 என்றால் லேப்பைச் சந்தேகித்து நாளைக் கடத்துவதில் அர்த்தமில்லை. திரும்ப எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் எடுங்கள்.

6 மார்ச், பிற்பகல்

அப்பா கதையைக் கேட்டிருந்தீர்கள். அவருக்கும் முதுகுதான். வலை இழுத்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரே சொல்லிக்கொண்டார். டைக்ளோஃபினாக் வலி மாத்திரை, ஸ்பிரே, தைலம், ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த வலி உழைத்த வலி மாதிரியே இல்லை. உழைத்த வலி படுத்தால் குறையும். அவருக்குப் படுத்தால்தான் கூடியது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே தூங்கினார். இருமினால் விலாவைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல இருக்கிறது என்றார். அப்புறம் ஒரு நாள் பள்ளிவாசல் தெரு வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார், மற்றது கழன்றதே தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். முதுகுத்தண்டு நரம்பு அழுந்திக்கொண்டிருந்திருக்கிறது.

7 மார்ச்

தண்டுவட அழுத்தம் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எலும்புக்குப் பரவிய புற்று முள்ளெலும்புக்குள் வளர்ந்தோ, எலும்பை நொறுக்கியோ தண்டுவடத்தை அழுத்தும். சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். இடுப்பை மட்டும் எடுத்தால் போதாது, முதுகெலும்பு முழுவதும் எடுக்க வேண்டும். வலி இடுப்பில் இருக்க அழுத்தம் நெஞ்சுப் பகுதியில் இருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் இருக்கலாம். வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தை உடனே தொடங்குவார்கள். பிறகு கதிர்வீச்சு. ஒரே இடத்தில் அழுத்தம், உடம்பும் தாங்கும் என்றால் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்து நடையை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று 2005இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

எல்லாவற்றையும்விட முக்கியம், சிகிச்சை தொடங்கும் நேரத்தில் ஆள் நடக்கிறாரா என்பது. நடந்து உள்ளே போனவர்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருகிறார்கள். கால் முழுக்க விழுந்த பிறகு போனால் திரும்பக் கிடைப்பது அபூர்வம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். விடியட்டும் பார்க்கலாம் என்ற பேச்சு இந்த நோயில் நமக்குக் கட்டுப்படியாகாது.

7 மார்ச், இரவு

வர்மம் தட்டலாமா என்று கேட்ட மூக்கையூர் அண்ணனுக்கு: முதுகில் ஏறி மிதிக்காத வரை நான் யாருடைய வைத்தியத்துக்கும் குறுக்கே வரமாட்டேன். புற்று உள்ள எலும்பில் மிதித்தால் ஒடியும்.

9 மார்ச்

ஹார்மோன் ஊசி பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதைக் குறைத்தால் சுருங்கும் என்பதைச் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் முதல் சிகிச்சை அதுதான். லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள் ஹார்மோனைக் குறைப்பதற்கு முன்னால் முதல் வாரம், பத்து நாள் ஏற்றிவிடும். எலும்பில் நோய் நிறைய இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. அதனால்தான் ஹார்மோன் வேலை செய்வதைத் தடுக்கும் பைகலூட்டமைடு மாத்திரையை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு வெளியூரில் மாத்திரை இல்லாமல் நேரடியாக ஊசி போட்டார்கள், அந்த வாரமே கால் தள்ளாடியது. டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் கிடையாது.

ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை எடுத்துவிடும் ஆபரேஷனிலும் கிடையாது. சில மணி நேரத்தில் ஹார்மோன் இறங்கிவிடும், செலவு ஒரே தடவை, மாதாமாதம் பஸ் ஏற வேண்டாம். அப்பாவுக்கு அதைத்தான் செய்தோம். டாக்டர் சொன்னதும் அவர் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார். சம்மதிக்க வைத்தது நான் இல்லை, கூடக் கடலுக்குப் போன அவருடைய கூட்டாளி. என்ன சொன்னார் என்று இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். மின்விசிறிக்கு அடியில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்காருவார். "நாப்பத்தெட்டு வயசுல நான் பட்டதை இப்ப நீங்க படுங்க" என்று அம்மா சொன்னதுதான் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

12 மார்ச்

கீழக்கரையிலிருந்து நல்ல கேள்வி. வாப்பா இதே நோய்க்கு அபிராட்டிரோன் மாத்திரை சாப்பிடுகிறார், நோன்பும் வைக்கிறார், எப்போது எடுப்பது?

இது எளிதான விஷயம் இல்லை. அபிராட்டிரோன் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுத்து, எடுத்த பிறகு 1 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் ஏறும் அளவு பத்து மடங்கு வரை போகும். நோன்புக் கஞ்சியும் சமோசாவும் சாப்பிட்ட கையோடு நான்கு மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தராவீஹ் தொழுகை முடிந்து, வயிறு காலியானதும் படுக்கும் நேரத்தில் எடுப்பது ஒரு வழி. கூடத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அதற்கு நேர்மாறாகச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியது. அதை சஹர் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரெட்னிசோலோனை மட்டும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை ஆலிம்சா சொன்னால் வாப்பா கேட்பார், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

இன்னொருவர் நான்கு மாத்திரைக்குப் பதில் 250 மில்லிகிராம் ஒன்றை லேசான சாப்பாட்டோடு எடுத்தால் போதுமாமே என்கிறார். 2018இல் அப்படி ஒரு சிறிய ஆய்வு வந்தது, பி.எஸ்.ஏ அதே அளவுக்கு இறங்கியது. செலவு தாங்காதவர்களுக்குச் சில டாக்டர்கள் அப்படி எழுதுகிறார்கள். எழுதித் தந்தால் எடுங்கள். என் கவுன்டரில் நின்று முடிவு செய்யாதீர்கள்.

14 மார்ச்

பெரியபட்டினம் தம்பியிடமிருந்து செய்தி. எம்.ஆர்.ஐ எடுத்தாயிற்று. முள்ளெலும்பில் நான்கைந்து இடம், தண்டுவடத்தைத் தொடும் நிலையில் ஒரு இடம், கால் பலம் இருக்கிறது. ஒரு டாக்டர் டி.பி.யாக இருக்கலாம் என்றாராம், குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

நம் நாட்டில் முதுகெலும்பு என்றால் டி.பி.யை நினைப்பது தவறில்லை. வித்தியாசம் உண்டு. டி.பி. எலும்பை அரிக்கும், இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள வட்டையும் சேர்த்து அழிக்கும், பக்கத்தில் சீழ் கட்டும். புராஸ்டேட் புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவிடும், எலும்பை அரிப்பதற்குப் பதில் தாறுமாறாகக் கெட்டியாக்கும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கெட்டியான எலும்பு பலமான எலும்பு இல்லை. சந்தேகம் மீதி இருந்தால் ஊசி வழியாகத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ 412ஐ டி.பி. விளக்காது.

முதுகெலும்புக்கே ஏன் போகிறது என்றால், இடுப்புக்குழியின் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றிய சிரைப் பின்னலோடு நேராக இணைகின்றன, அதில் வால்வு இல்லை. இருமினால், முக்கினால் ரத்தம் பின்னோக்கியும் ஓடும். பாட்சன் என்பவர் 1940இல் விவரித்தது. இது முழு விளக்கம் இல்லை என்பவர்களும் உண்டு, எலும்பு மச்சையே இந்தப் புற்று உயிரணுக்களுக்குப் பிடித்த இடம் என்பார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

15 மார்ச்

ரத்தச் சோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற அளவு ஏறியிருப்பதைப் பார்த்து ஈரல் கோளாறு என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர்கள் கவனிக்க: எலும்பிலிருந்தும் அது வரும். ஈரலின் மற்ற அளவுகள் சரியாக இருந்தால் எலும்பைப் பாருங்கள்.

22 மார்ச்

தொண்டியிலிருந்து வந்த கடிதம் என்னை உலுக்கியது. இடது காறையெலும்புக்கு மேலே கோலிக்குண்டு அளவில் கட்டி, வலி இல்லை. கழுத்துக் கட்டி என்றால் டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை. கரையவில்லை. கடைசியில் ஊசி போட்டு எடுத்த உயிரணுச் சோதனையில் புற்று. எங்கிருந்து வந்தது என்று வயிறு, நுரையீரல் எல்லாம் தேடிய பிறகு யாரோ பி.எஸ்.ஏ எழுதியிருக்கிறார்கள்.

வயிற்றிலும் இடுப்பிலும் இருந்து வரும் நிணநீர் இடது கழுத்தடியில்தான் சிரையில் கலக்கிறது. அதனால் தொடங்கிய இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் தலைகாட்டுகிறது. வயதான ஆணுக்கு இடது கழுத்தடியில் கட்டி, மூலம் தெரியாத புற்று என்றால் பி.எஸ்.ஏ கேட்பதற்குச் சில நூறு ரூபாய்தான். கண்டுபிடித்தால் ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் அது. மற்ற பல புற்றுகளுக்கு அந்த வசதி இல்லை.

மலச்சிக்கல், ரத்தம் என்று போய் மலக்குடல் புற்று என்று நினைத்து, பிறகு புராஸ்டேட் என்று தெரிந்த கதையும் ஒன்று வந்திருக்கிறது. அதுவும் நடக்கும். ஆசனவாயில் விரலைவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆள் ஒத்துக்கொள்ளாததுதான் பாதிக் கதையில் தாமதத்துக்குக் காரணம்.

7 ஏப்ரல்

பாம்பன் புதிய பாலம் நேற்று திறந்தாயிற்று. 2022 டிசம்பரிலிருந்து தீவுக்கு ரயில் இல்லாமல் கதிர்வீச்சுக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனார்கள். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குப் பஸ்ஸின் கடைசி இருக்கை என்பது தண்டனை. இனி படுத்துக்கொண்டாவது மதுரை போகலாம். நோய்க்குச் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் ஒரு தடவை அப்படிப் போய்ப் பார்க்கவும்.

10 ஏப்ரல்

தாடை. இரண்டு தனித்தனி விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது, கீழுதட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு மரப்பு. வலி கிடையாது. சவரம் செய்யும்போது கத்தி படுவது தெரியவில்லை என்பார்கள். பல் டாக்டரிடம் போனால் பல்லில் ஒன்றும் இருக்காது. தாடை எலும்பில் அல்லது மண்டையோட்டின் அடியில் நோய் நரம்பைப் பிடித்திருக்கலாம். புற்றுநோயாளிக்குப் புதிதாக இந்த மரப்பு வந்தால் பல் பிரச்சினை இல்லை என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும். திடீரென இரண்டு இரண்டாகத் தெரிவது, நாக்கு ஒரு பக்கம் இழுப்பது இவையும் அதே குடும்பம்.

இரண்டாவது, எலும்பைக் காக்கும் ஊசிகளான ஸோலெட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் கிடப்பது. இது மருந்தால் வருவது. பல் பிடுங்கிய பிறகுதான் அதிகம் வரும். ஊசி தொடங்கும் முன்பே பல் வேலையை முடித்துவிட வேண்டும், தொடங்கியபின் பிடுங்க வேண்டுமென்றால் இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ள வேண்டும்.

11 ஏப்ரல்

அதே ஊசி பற்றி இன்னொன்று. புற்றால் எலும்பு தாறுமாறாகக் கெட்டியாகும்போது ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) இழுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் இந்த ஊசியும் போட்டால் கால்சியம் ரொம்பக் கீழே போகலாம். வாயைச் சுற்றிக் கூச்சம், விரல்கள் கோணி இழுப்பது. என் கடைக்கு ஒருவர் அப்படிக் கையோடு வந்தார், கூட வந்தவர் பேய் பிடித்தது, ஏர்வாடிக்குப் போகிறோம் என்றார். போங்கள், வழியில் ராமநாதபுரத்தில் இறங்கி ஒரு கால்சியம் ரத்தச் சோதனை எடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். போனார்கள். இரவே அட்மிட். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை விலை அதிகம் என்று நிறுத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

19 ஏப்ரல்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, விசைப்படகு எல்லாம் கரையில். ஆட்கள் வீட்டில் இருப்பதால் வியாதிகள் வெளியே வரும் மாதம் இது. கடையில் கூட்டம்.

உப்புத் தண்ணீர் குடிக்கும் ஊர், கல்லடைப்புதான் என்று சொல்லியே பல சிறுநீரகங்கள் போயிருக்கின்றன. புற்று மூத்திரப்பையின் அடியில் இரண்டு பக்கக் குழாய்களையும் இறுக்கினால் சிறுநீரகம் வீங்கும், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும், வாந்தி, விக்கல், மூத்திரமே வராது. மூத்திரப்பைக்குள் கதீட்டர் குழாய் போட்டும் ஒன்றும் வராது, ஏனென்றால் அடைப்பு பைக்கு மேலே. முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் விட்டோ, உள்ளே ஸ்டென்ட் வைத்தோ திறப்பார்கள். திறந்தால் பலருக்குத் திரும்ப வேலை செய்யும். இந்த நிலையில் டைக்ளோஃபினாக் ஊசி இன்னும் கெடுக்கும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்பதற்காகத் தினமும் திட்டு வாங்குகிறேன்.

20 ஏப்ரல்

கால் வீக்கம் பற்றி மார்ச் 12 அன்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். இரண்டு காலும் மெல்ல வீங்கினால் மருந்து, சிறுநீரகம், இதயம் என்று பார்க்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்கக் கூடாது. மூச்சு வாங்கினால் தாமதமே கூடாது.

ஈறில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் கருநீலம் என்றால் அது வேறு. ரத்தம் உறையும் பொருட்களே தீர்ந்துபோகும் ஒரு நிலை இந்த நோயில் வரும், சிலருக்கு அதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

4 மே

பி.எஸ்.ஏ 2தான் இருக்கிறது, ஆனால் ஈரலில் கட்டிகள் என்கிறார்கள், நம்பவா என்று ஒரு மகள் கேட்கிறார். நம்புங்கள் அம்மா. நீண்ட நாள் ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நோய் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும், பி.எஸ்.ஏ சுரப்பதையே விட்டுவிடும். ஆள் மெலிகிறார், ஸ்கேன் மோசமாகிறது, பி.எஸ்.ஏ மட்டும் அழகாக இருக்கிறது. துண்டு எடுத்துப் பார்த்தால் சிறு உயிரணு வகைப் புற்று என்று வரலாம். அதற்குப் பிளாட்டினம் சார்ந்த கீமோ, சிகிச்சையே வேறு. அப்பாவுக்குக் கடைசியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன், துண்டு எடுக்கவில்லை, அதனால் உறுதி இல்லை.

உங்கள் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது. பரவிய நோய் உள்ளவருக்கு குடும்பத்தில் வரும் பி.ஆர்.சி.ஏ மரபணுக் கோளாறுக்கான சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அந்தக் கோளாறு இருந்தால் அவருக்கு மருந்து வாய்ப்பு ஒன்று கூடும். மகள்களுக்கு மார்பகம், சினைப்பையில் புற்று வரும் அபாயம் பற்றியும் முன்கூட்டியே தெரியும்.

5 மே

கடும் வலிக்கான மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று கேட்காதவர் இல்லை. என் கடையில் கிடைக்காது. 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரித்த மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளலாம், அங்கேதான் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மார்ஃபின் தொடங்கினால் மலமிளக்கியும் அன்றே தொடங்க வேண்டும். மலச்சிக்கலோடு கால் பலமும் குறைந்தால் மார்ஃபின் மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள், மார்ச் 7 குறிப்புக்குத் திரும்புங்கள்.

11 ஜூன்

பெரியபட்டினம் மாமா கதிர்வீச்சு முடித்து ஊருக்கு வந்துவிட்டார். கைத்தடியோடு நடக்கிறார். வல்லத்தில் சும்மா உட்கார்ந்தாவது போய் வரட்டுமா என்று கேட்கச் சொன்னாராம்.

வேண்டாம். அலையில் வல்லம் தூக்கிப் போடும்போது முள்ளெலும்பு தாங்காது. தொடையெலும்பில் நோய் இருந்தால் அதுவும் ஒடியும். கதிர் பட்ட எலும்பு இறுகப் பல மாதம் ஆகும். ஏலக்கூடத்தில் உட்கார்ந்து விலை பேசட்டும், அதில் சத்தம் போட எலும்பு வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எலும்பு ஆறத் தொடங்கும்போதும் அது ஏறி இறங்கும். அடுத்த சோதனையில் பி.எஸ்.ஏ, கால்சியம், கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்து எடுத்து, பழைய சீட்டுகளோடு கொண்டுபோங்கள்.